ஆண் மீன்னு வாங்கி விட்ட ஜிலேபி குஞ்சு பொரிச்சிருக்கு, டிஎன்ஏ டெஸ்ட் எடுக்கலாமா?

கேள்வி: சேரன்மாதேவி பக்கம் 10 சென்டுல குட்டை வெட்டி, எல்லாமே ஆண் குஞ்சுன்னு சொன்ன கிப்ட் ஜிலேபி 1200 விட்டேன். நாலு மாசத்துல கரையோரம் பொடிக்குஞ்சு மொய்க்கு, பெருசும் ஒண்ணுபோல வளரல. டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தா ஆணா பொட்டையான்னு தெரிஞ்சிருமாம்லா, எங்க அனுப்பணும்?

பதில்: அண்ணாச்சி, பொடி வந்துட்டுல்லா, பொட்டை இருக்குங்கதுக்கு அதவிட என்ன சாட்சி வேணும்? டெஸ்ட்டுக்கு அனுப்ப வேண்டாம், துட்டுதான் போகும். ஏன்னு சொல்லுதேன்.

கிப்ட்னாலே ஆண்னு நெறைய பேரு நெனைக்காவ. அப்படி இல்ல, கிப்ட்ங்கது பிலிப்பைன்ஸ்ல 1988ல ஆரம்பிச்சு, நல்லா வளருத மீனா பொறுக்கி இனம் சேத்து கொண்டாந்த ரகம், அவ்வளவுதான், அதுலயும் ஆணும் உண்டு பொட்டையும் உண்டு. ஆண் வேகமா வளரும், அதனால பொரிப்பகத்துல குஞ்சு தீவனம் எடுக்க ஆரம்பிச்ச உடனே தீவனம் கிலோவுக்கு 60 மில்லிகிராம் கணக்குல ஆண் ஹார்மோன் கலந்து 21 நாளு, சிலர் 28 நாளு குடுப்பாவ. பொட்டையா பொறந்த குஞ்சும் ஆணா வளந்துரும். எல்லாத்துக்கும் ஒண்ணுபோல மருந்து சேராது, தண்ணியில கெடக்க பாசி, பூச்சியத் தின்னுட்டு தீவனத்த விட்ட குஞ்சும், வயசு பிந்துன குஞ்சும் பொட்டையாவே நின்னுரும். நூத்துக்கு அஞ்சு தப்புனாலும் உங்க 1200ல 60 பொட்டை. ஒரு பொட்டை ஒரு தடவைக்கு சில நூறு குஞ்சு விடும், பொடி மொய்க்காம என்ன செய்யும்?

இப்ப டெஸ்ட் விஷயம். மனுசன மாதிரியே இந்த மீன்லயும் ஆண் பொட்டையத் தீர்மானிக்க குரோமோசோம் ஜோடி எக்ஸ் எக்ஸ்னா பொட்டை, எக்ஸ் ஒய்னா ஆண், ஆனா இதுல எக்ஸும் ஒய்யும் பாக்க ஒண்ணுபோல இருக்கும், மைக்ராஸ்கோப்புல வச்சாலும் பிரிக்க முடியாது. அதான் மார்க்கர், அதாவது டிஎன்ஏல எக்ஸையும் ஒய்யையும் பிரிச்சுக் காட்டுத அடையாளம் தேடுனாவ, துடுப்புல நகத்துண்டு அளவு வெட்டி ஸ்பிரிட்ல போட்டு, பிசிஆர்னு அந்த டிஎன்ஏ துண்ட நெறைய நகல் எடுத்து, ஜெல்லுல ஓட்டிப் பிரிச்சா எக்ஸுக்கு ஒரு கோடு ஒய்க்கு ஒரு கோடுன்னு தெரியும். ஆனா அது மீன் பொறந்த பொறப்பச் சொல்லுமே தவிர இப்ப என்னவா நிக்குன்னு சொல்லாது. ஹார்மோன் தின்ன உங்க ஆண் மீன அனுப்பிப் பாருங்க, பாதிக்குப் பக்கம் ரிப்போர்ட்ல பொட்டைன்னு வரும்! குஞ்சா இருக்கையில தண்ணி 36 டிகிரி பக்கம் சூடேறுனாலும் எக்ஸ் எக்ஸ் குஞ்சு ஆணா மாறும். போதாக்குறைக்கு ஒரு வம்சத்துக்குப் பொருந்துத மார்க்கர் இன்னொரு வம்சத்துக்குப் பொருந்தாது.

அந்த டெஸ்ட்டு பொரிப்பகத்துக்காரருக்குத்தான் பவுனு. ஒய் ஒய் ஆண்னு ஒண்ணு உண்டு, அத சாதாரண பொட்டையோட விட்டா குஞ்சு பூரா எக்ஸ் ஒய், ஹார்மோனே வேண்டாம். முன்ன அந்த ஒய் ஒய்யக் கண்டுபிடிக்க ஒவ்வொரு ஆணையும் தனியா இனம் சேத்து, குஞ்சு வளந்து ஆண் பொட்டை தெரியுத வரைக்கும் மாசக்கணக்குல காத்துக் கெடக்கணும், இப்ப துடுப்பு வெட்டிக் குடுத்தா ஓரிரு நாள்ல தெரிஞ்சிரும். அடுத்த தடவ குஞ்சு வாங்கையில ஹார்மோன் குடுத்ததா ஒய் ஒய் வழியான்னு கேளுங்க, மழுப்புனா வேற இடம் பாருங்க.

உங்களுக்கு இப்ப ஒரு நீலமருந்து பாட்டில் போதும், ஜென்சியன் வயலட்னு மருந்துக்கடையில கெடைக்கும். மீன ஈரத்துணியில மல்லாக்கப் பிடிச்சு ஆசனவாய்க்குப் பின்னால இருக்க சின்ன முளையில பஞ்சால தொட்டு வைங்க. ஆணுக்கு முளை கூம்பா நுனியில ஒரே ஓட்டையா இருக்கும், பொட்டைக்கு நடுவுல குறுக்க ஒரு கீறல்ல நீலம் ஏறித் தெரியும். முதல் பத்து மீனு தடுமாறும், பெறகு கை பழகிரும். பொட்டைதான் முட்டைய வாயில வச்சு அடைகாக்கும், அதனால வாயத் தெறந்தா மஞ்ச முட்டை உதிர்ந்துச்சுன்னா நீலமே வேண்டாம்.

பொட்டையப் பூரா பிடிச்சு வித்துருங்க, பொடிய கொசுவலையால அரிச்சு எடுங்க, மிச்சத்துக்கு விரலளவு தாண்டுன விரால் குஞ்சு 20, 30 விட்டா அது பாத்துக்கிடும். விரால் உங்க பெரிய ஜிலேபிய விடச் சின்னதா இருக்கணும், அது முக்கியம். அறுவடை முடிஞ்சதும் குட்டைய வெடிக்க வெடிக்கக் காயப்போடுங்க, குழியில தேங்குன தண்ணியில நாலு பொடி தப்புனாலும் மறுபடி இதே கததான்.

இன்னொண்ணு, வடிகால் கால்வாய்ல விழுந்து ஆத்துக்குப் போகுதுன்னா இன்னைக்கே அந்த வாய்ல சின்னக்கண்ணு வலை ரெண்டடுக்கு கட்டிருங்க, தாமிரபரணிக்குள்ள போன ஜிலேபிய யாராலயும் திருப்பிப் பிடிக்க முடியாது.