350 செவெலுக்கு எந்த கேம்?

கேள்வி: மிச்சிகனில் வசிக்கிறேன். என்னிடம் இருப்பது 1970 செவர்லே செவெல் மாலிபு. 350 கன அங்குல எஞ்சின், கம்ப்ரஷன் 9:1, நான்கு பேரல் கார்புரேட்டர், டர்போ 350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், பின் ஆக்சில் விகிதம் 3.08. பவர் பிரேக்கும் ஏசியும் உண்டு. கோடையில் வார இறுதிகளில் ஓட்டுவதோடு சரி. கொஞ்ச நாளாக கார்புரேட்டர் வழியாகப் 'பட் பட்' என்று வெடிக்கிறது. வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டில் (கேம்) எக்ஸாஸ்ட் லோப் ஒன்று, அதாவது புகை வால்வைத் தள்ளும் மேடு, தேய்ந்துவிட்டதாம். எப்படியும் மாற்றத்தானே போகிறோம், நல்ல உறுமல் வரும்படி 292 டிகிரி கேமாகப் போட்டுவிடு என்கிறார் நண்பர். போடலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் நண்பர் கேமை மட்டும் பார்க்கிறார், அதைச் சுற்றியுள்ள காரைப் பார்க்கவில்லை.

முதலில் அந்த 292. அது வால்வு எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்பதை கிராங்க்ஷாஃப்ட் (கிராங்க்) சுற்றும் டிகிரியில் சொல்லும் விளம்பர எண். வால்வு திறக்கத் தொடங்கியது எந்த இடத்தில் என்பதை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமாகக் கணக்கிடுகிறது. ஒப்பிட உதவுவது 0.050 எண்தான். லோபின் மேல் உட்கார்ந்து வால்வைத் தள்ளும் லிஃப்டர் 0.050 அங்குலம் எழுந்ததிலிருந்து திரும்ப அதே உயரத்துக்கு இறங்கும்வரை கிராங்க் எத்தனை டிகிரி சுற்றுகிறது என்பது அது. காம்ப் கேம்ஸின் மேக்னம் 292-க்கு இது 244, வால்வு எழும் உயரம் (லிஃப்ட்) 0.501 அங்குலம். அந்தக் கால 350-களில் கம்பெனியே போட்ட சாதாரண கேமுக்கு இன்டேக் 195, எக்ஸாஸ்ட் 202, லிஃப்ட் 0.390, 0.410. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் பாருங்கள்.

உங்கள் டர்போ 350-இல் ஓவர்டிரைவ் கிடையாது, மூன்றாம் கியர் நேர் விகிதம். 26 அங்குல டயரும் 3.08 ஆக்சிலும் இருந்தால் மணிக்கு 60 மைலில் எஞ்சின் சுமார் 2400 ஆர்பிஎம்-இல் சுற்றும். 244 டிகிரி கேம் கண் விழிப்பதே 2500-க்கு மேல்தான். அதாவது நெடுஞ்சாலையில் நீங்கள் போகும் வேகமெல்லாம் அது தூங்கும் நேரம். சிக்னலில் பச்சை விழுந்து கிளம்பும்போது இன்னும் மோசம். எஞ்சினை கியர்பாக்ஸோடு இணைக்கும் கம்பெனி டார்க் கன்வெர்ட்டர் 1600, 1800 ஆர்பிஎம்-க்கே பிடித்துவிடும், அங்கே எஞ்சினில் இழுவையே இருக்காது. அந்த கேம் வேண்டுமென்றால் 3000 ஆர்பிஎம்-இல்தான் பிடிக்கும் கன்வெர்ட்டர் (3000 ஸ்டால்), 3.73 அல்லது 4.10 ஆக்சில், கூடுதல் கம்ப்ரஷன் எல்லாம் சேர்த்து வாங்க வேண்டும். கம்ப்ரஷன் எதற்கு? நீண்ட கேமில் இன்டேக் வால்வு தாமதமாக மூடும்; மேலேறும் பிஸ்டன் உள்ளே வந்த கலவையில் ஒரு பங்கைத் திருப்பித் தள்ளிவிடும். 9:1 எஞ்சின் அதைத் தாங்காது.

இன்னொன்று பிரேக். அந்த உறுமல் இருக்கிறதே, அது உண்மையில் எஞ்சின் தடுமாறும் சத்தம். இரண்டு வால்வும் ஒருசேரத் திறந்திருக்கும் நேரம் கூடுவதால், ஆக்சிலரேட்டரை மிதிக்காத ஐடிலில் எரிந்த புகை புதுக் கலவையோடு கலக்கிறது, இன்டேக்கில் இருக்கும் வேக்குவம் (உறிஞ்சும் அழுத்தம்) விழுகிறது. பிரேக் பூஸ்டர் வேலை செய்வது அந்த வேக்குவத்தில்தான். கியரில் போட்டு ஏசியும் ஓடும்போது வேக்குவம் கேஜில் 16 அங்குலமாவது நிற்பது நல்லது. அதற்கும் கீழே போகப் போக பிரேக் மிதி இறுகிக் கல்லாகும்.

உங்கள் காருக்கு ஏற்றது 0.050-இல் இன்டேக் 204 முதல் 212 வரை, எக்ஸாஸ்ட் அதைவிட 6 முதல் 10 டிகிரி கூட. அந்தக் கால ஹெட்டில் எக்ஸாஸ்ட் வழி குறுகலானது. லோப் செபரேஷன், அதாவது இன்டேக், எக்ஸாஸ்ட் லோப்களின் உச்சிகளுக்கு இடையிலான கோணம், 112 இருந்தால் ஐடில் அமைதியாக இருக்கும், 110-இல் லேசாக முரளும். லிஃப்ட் 0.450-ஐத் தாண்ட வேண்டாம். சத்தம் இல்லாமல் மனசு ஆறாது என்றால் 218/224 வரை போகலாம், ஆனால் கன்வெர்ட்டரை 2200 அளவுக்கு மாற்றிய பிறகு. அதற்கு மேல் இந்த ஆக்சிலுக்கு ஆகாது. லிஃப்டரின் அடியில் உருளை வைத்த ரோலர் கேம் நல்லதுதான். ஆனால் 1987-க்கு முந்தைய பிளாக்கில் இணைப்புப் பட்டை போட்ட லிஃப்டர், வேறு நீளத்தில் புஷ்ராடு, கேம் முன்னால் நகராமல் இருக்க பட்டன், பொருந்தும் டிஸ்ட்ரிபியூட்டர் கியர் என்று பில் நீளும்.

வால்வு ஸ்பிரிங்கை கேமோடு சேர்த்தே வாங்குங்கள். 50 வருடப் பழைய ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். இந்த கேமுக்கு 1.70 அங்குல உயரத்தில் 100 முதல் 110 பவுண்டு போதும். முழு லிஃப்டில் ரீடெய்னருக்கும் (ஸ்பிரிங்கின் மேல்மூடி) வால்வு கைடு சீலுக்கும் இடையே 0.060 அங்குல இடைவெளி இருக்கிறதா என்று அளந்து பாருங்கள்.

ஆர்டர் போடும் முன் ஆயில் பேனைக் கழற்றிவிடுங்கள். தேய்ந்த லோபின் இரும்பு எங்கேயோ போயிருக்கும்தானே? மெயின் பேரிங் ஒன்றையும் ராடு பேரிங் ஒன்றையும் எடுத்துப் பார்க்க வேண்டும். கீறல் தெரிந்தால் எஞ்சினை முழுதாகப் பிரிக்காமல் புது கேமைப் போடுவது வீண்செலவு.

புது கேமுக்குப் பழைய லிஃப்டர் கூடவே கூடாது. லிஃப்டரின் அடிப்பக்கம் தட்டையாகத் தெரிந்தாலும் நடுவில் துளி மேடாக இருக்கும். லோபும் துளி சாய்வு. இரண்டும் சேர்ந்துதான் லிஃப்டரைச் சுழல வைக்கின்றன. சுழலாத லிஃப்டர் லோபைத் தின்றுவிடும். புது லிஃப்டர் இரண்டை அடியோடு அடி சேர்த்துப் பிடித்துப் பாருங்கள், லேசாக ஆட வேண்டும். ஆடவில்லையா, கடைக்கே திருப்பிக் கொடுங்கள். பூட்டும்போது மாலி பேஸ்ட் (மாலிப்டினம் கலந்த மசகு) லோபிலும் லிஃப்டர் அடியிலும் மட்டும். பக்கவாட்டில் வெறும் எண்ணெய். இன்டேக் மேனிஃபோல்டை மாட்டும் முன் கிராங்கைக் கையால் சுற்றி, பதினாறு லிஃப்டரும் சுழல்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

பலர் சறுக்கும் இடம் டைமிங் புள்ளி. கேம் சக்கரத்தின் புள்ளி கீழேயும் கிராங்க் சக்கரத்தின் புள்ளி மேலேயும் நேருக்கு நேர் நிற்கும்போது பொறி விழ வேண்டியது ஆறாம் சிலிண்டருக்கு. ஒன்று என்று நினைத்து டிஸ்ட்ரிபியூட்டரை இறக்கினால் எஞ்சின் பிடிக்காது. ஸ்டார்ட்டரைச் சுற்றச் சுற்ற லோபில் இருந்த பேஸ்ட் போய்விடும், கேம் ஓடுவதற்கு முன்பே கெட்டுவிடும். கிராங்கை இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டு ஒன்றாம் சிலிண்டருக்கு வையுங்கள். ஆயில் பம்பை டிரில் வைத்து ஓட்டி எண்ணெயை மேலே ஏற்றுங்கள். கார்புரேட்டரில் பெட்ரோலும் ரேடியேட்டரில் கூலன்ட்டும் நிரப்பி வையுங்கள், சாவி திருப்பியதும் பிடிக்க வேண்டும்.

பிடித்ததும் ஐடிலில் விடாதீர்கள். உடனே 2000-க்கு ஏற்றி, 2000-க்கும் 2500-க்கும் இடையில் ஏற்றி இறக்கி 20 முதல் 30 நிமிடம் ஓட்டுங்கள். இந்த எஞ்சினில் லோபுக்கு எண்ணெய் போவது கிராங்க் சிதறுவதால்தான், ஐடிலில் அது போதாது. சூடேறினாலோ ஒழுகினாலோ நிறுத்திச் சரிசெய்துவிட்டு மீதி நிமிடங்களை ஓட்டுங்கள். எண்ணெய், புது பாகங்களை ஓட்டிப் பழக்கும் பிரேக்-இன் வகையாக, ஜிங்க் நிறைய உள்ளதாக இருக்கட்டும். இன்றைய கார்களுக்கான 5டபிள்யூ-30 எண்ணெயில் கேடலிடிக் கன்வெர்ட்டரைக் காப்பாற்ற பாஸ்பரஸை 800 பிபிஎம்-க்குள் கட்டிவிட்டார்கள், உங்கள் லோபுக்கு அது காணாது.

முடிந்ததும் எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றி, பழைய ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துப் பாருங்கள். சாம்பல் நிறக் கறை பேஸ்ட்டுடையது, பயமில்லை. காந்தத்தில் ஒட்டும் மினுமினுப்பான துகள் இருந்தால் மறுபடி ஸ்டார்ட் செய்யாமல், வால்வு கவரைத் திறந்து வால்வை அமுக்கும் ராக்கர்களில் எது குறைவாக எழுகிறது என்று தேடுங்கள்.