ஒரே சொல், எத்தனை செட்?

வணக்கம் ஐயா,

வெள்ளவத்தையிலிருந்து எழுதுகிறேன். மகன் பத்தாம் ஆண்டு. கணிதத்தை ஆங்கில மொழிமூலம் படிக்கிறான். நான் ‘தொடைகள்’ என்று படித்த பாடம் அவனுக்கு ‘செட்ஸ்’. சூரியன் மறைந்தாலும் செட், மேசையில் பீங்கான் கோப்பை வைத்தாலும் செட், ஜெலி இறுகினாலும் செட். அகராதியைத் திறந்தால் முடிவேயில்லை. எல்லாவற்றையும் பாடமாக்கச் சொல்லவா? பிள்ளை களைத்துப்போகிறான்.

ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

பாடமாக்கச் சொல்லாதீர்கள். 1989இல் வந்த ஒக்ஸ்போர்ட் பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு இந்தச் சொல்லுக்குத்தான். 400க்கு மேற்பட்ட பொருள்கள், ஏறத்தாழ 60,000 சொற்களில் விளக்கம். அதைப் பாடமாக்கியா இங்கிலாந்துப் பிள்ளைகள் பேசுகிறார்கள்? மீன் பிடிக்கிறோம், பஸ் பிடிக்கிறோம், தடிமன் பிடிக்கிறது, ஒருவரைப் பிடிக்கிறது. உங்கள் மகனுக்கு இவற்றை யாரும் பட்டியல் போட்டுக் கற்பிக்கவில்லை.

வினைச்சொல்லின் வேரை மட்டும் காட்டுங்கள். ‘சிட்’ என்பதன் பிறவினைதான் ‘செட்’. நம் பேச்சில் இது அப்படியே இருக்கிறது: கதிரையில் இரு, பிள்ளையைக் கதிரையில் இருத்து. இரு என்பது சிட், இருத்து என்பது செட். மேசையில் கோப்பைகளை இருத்துகிறார்கள். மணிக்கூட்டு அலாரத்தை ஐந்து மணியில் இருத்துகிறார்கள். ஜெலியும் கொங்கிரீட்டும் ஆடாமல் அசையாமல் இருந்துவிடுகின்றன. மே மாதக் கடைசியில் கொழும்பில் மழை வந்து விடாமல் குந்திக்கொள்கிறதே, அதற்கு ‘செட் இன்’. ஆங்கிலேயருக்குச் சூரியன் அடிவானத்தில் போய் அமர்கிறது. நமக்கு அது படுகிறது. பொழுது சாயும் வேளையைக் குறிக்கும் ‘எற்பாடு’ என்ற பழஞ்சொல்லில் உள்ள பாடு அதுதான். ஒரே சூரியனை இரண்டு மொழிகள் இப்படிப் பார்ப்பதை அவனுக்குச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு இவை மறக்காது.

கணிதத்துச் செட் வேறு வழியால் வந்தது. பின்பற்றுவோர் கூட்டத்தைக் குறிக்கும் ‘செக்டா’ என்ற இலத்தீன் சொல், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்து, உருவத்தில் பழைய வினையோடு ஒட்டிக்கொண்டது. கோப்பை செட்டும், “எங்கட செட் காலிமுகத்திடலுக்குப் போகுது” என்று மகன் சொல்லும் செட்டும் இந்தக் குடும்பம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதைக் ‘கணம்’ என்கின்றன. நம்முடைய ‘தொடை’ தொடுத்தலிலிருந்து வந்தது. எனக்கு அதுவே கூடுதல் அழகு.

பரீட்சையில் புள்ளி போகிற இடம் ஒன்று உண்டு. இறந்தகாலத்திலும் அது செட்தான், ‘செட்டட்’ கிடையாது. ‘ஹி செட்ஸ்’ நிகழ்காலம், ‘ஹி செட்’ இறந்தகாலம். அந்த ஓர் எழுத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பின்னால் ஒட்டும் சிறு சொற்களில்தான் உண்மையான வேலை இருக்கிறது. ‘செட் ஓஃப்’ என்றால் புறப்படுவது, வெடிக்க வைப்பதும் அதுவே. ‘செட் அப்’ என்றால் ஒன்றை நிறுவுவது, ஆளைப் பொறியில் மாட்டுவதும் கூட. இவற்றைத் தனிச் சொல்லாக எழுதாமல் முழு வசனமாகவே கொப்பியில் எழுதட்டும். வாசிக்கும்போது எதிர்ப்படுவதை எழுதினால் போதும், தேடிப் போக வேண்டாம். கொஞ்சம் சேர்ந்ததும் எனக்கும் அனுப்பச் சொல்லுங்கள், ஆசையோடு பார்ப்பேன்.