பிரஷர் மாத்திரையை நிறுத்துவதற்கு முன், இரண்டு அட்டைகளையும் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: என் கணவருக்கு வயது 61. நான்கு வருடமாக அம்லோடிபின் 5 மில்லிகிராம் சாப்பிடுகிறார். போன மாதம் வேறொரு டாக்டர் டெல்மிசார்டன் 40, அம்லோடிபின் 5 இரண்டும் சேர்ந்த மாத்திரை எழுதிக் கொடுத்தார். பழையது, புதியது இரண்டையுமே கொடுத்து வருகிறேன். இப்போது பிபி 112/70. காலையில் எழுந்தால் தலை சுற்றுகிறது, கணுக்கால் வீங்கியிருக்கிறது. இரண்டு நாள் எந்த மாத்திரையும் கொடுக்காமல் பார்த்தேன், பிபி ஏறவில்லை. அடியோடு நிறுத்திவிடலாமா? முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக்கும் சாப்பிடுகிறார்.

பதில்: அடியோடு நிறுத்த வேண்டாம் அம்மா. ஆனால் இரண்டு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு, அடுத்த மாதத் தேதிக்காகக் காத்திருக்காமல், இன்றோ நாளையோ டாக்டரிடம் காட்டுங்கள்.

போகும் முன் அட்டைகளைத் திருப்பிப் பாருங்கள். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதற்குக் கீழே கண்ணாடி போட்டாலும் படிக்கச் சிரமப்படும் பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்து. அம்லோடிபின் இரண்டிலும் இருக்கிறது. அதாவது அவர் தினமும் 10 மில்லிகிராம் அம்லோடிபினும், அதற்கு மேல் டெல்மிசார்டனும் சாப்பிட்டிருக்கிறார். தலைசுற்றலுக்கும் கால் வீக்கத்துக்கும் இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். அளவு கூடினால் கணுக்கால் வீங்குவது அம்லோடிபினின் குணம். அந்த வீக்கத்துக்கென்று நீர் பிரியும் மாத்திரையை நீங்களாக வாங்கிச் சேர்க்காதீர்கள். வீக்கம் பெரிதாக வற்றாது, தலைசுற்றல்தான் கூடும்.

இது உங்கள் தவறு அல்ல. புதிய மாத்திரை எழுதுகிறவர் ‘பழையதை நிறுத்தவும்’ என்று சீட்டில் ஒரு வரி சேர்த்தால் போதும். எத்தனை சீட்டில் அந்த வரி இருக்கிறது? ஒரு டாக்டர் எழுதியதை இன்னொருவர் கேட்பதில்லை. கேட்க நேரமும் ஒதுக்கப்படுவதில்லை. தலைசுற்றலோடு வருகிற பெரியவர்களிடம் மாத்திரைப் பையை மேஜையில் கொட்டச் சொல்வதுதான் என் முதல் வேலை. ஒரே மருந்து இரண்டு பெயரில் அதிலிருந்து வருவதை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

இரண்டு நாள் நிறுத்தியும் பிபி ஏறவில்லை என்கிறீர்கள். ஏறாது. ரத்தத்தில் இருக்கும் அம்லோடிபின் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். நீங்கள் பார்த்தது மருந்து மிச்சமிருக்கும்போது காட்டிய பிபி. அது முழுதும் வடிந்த பிறகு அழுத்தம் ஏறும், ஏறுவது தெரியவும் தெரியாது. வேறு சில பிரஷர் மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலியே வரலாம்.

டாக்டரிடம் போகும்போது ஒரு கணக்கை எழுதிக்கொண்டு போங்கள். அவரை ஐந்து நிமிடம் படுக்கவைத்து பிபி பாருங்கள். பிறகு எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிடத்தில் ஒரு முறை, மூன்றாவது நிமிடத்தில் ஒரு முறை பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அதை டாக்டர் அவசியம் அறிய வேண்டும். எட்டு நிமிட வேலைதான். கூட்டம் நிரம்பிய ஓபியில் அந்த எட்டு நிமிடம் யாருக்கும் கிடைப்பதில்லை.

டைக்ளோஃபெனாக் விஷயம் எனக்குக் கவலையாக இருக்கிறது. உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி அது பிபியை ஏற்றும். டெல்மிசார்டனோடு சேரும்போது சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். வலி என்று சொன்னதும் நான்கு மாத்திரையைக் கத்தரித்துக் கையில் கொடுக்கிற கடைக்காரர், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்பதில்லை. கத்தரித்த துண்டில் பல நேரம் மருந்தின் பெயரும் இருக்காது, காலாவதித் தேதியும் இருக்காது. அப்படி வாங்கவே வாங்காதீர்கள். ‘இந்தப் பொடியைச் சாப்பிட்டால் பிரஷர் மாத்திரையே தேவையில்லை’ என்று விற்பவர்களிடம் இன்னும் கவனமாக இருங்கள். பொடியில் என்ன இருக்கிறது என்று கேட்டால் பதில் வராது. அதிமதுரம் இருந்தால் அதுவே பிபியை ஏற்றும். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பெரும்பாலும் பொட்டாசியம் இருக்கும். டெல்மிசார்டனும் ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றக்கூடும் என்பதால், அதைச் சாப்பிடுகிறவர் டாக்டரைக் கேட்காமல் அந்த உப்புக்கு மாறக் கூடாது.

மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றேன். அதற்கு ஒரு விலக்கு உண்டு, அதை யாரும் சொல்லித் தருவதில்லை. கடுமையான வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து தண்ணீர்கூட வயிற்றில் தங்காத நாளில் டெல்மிசார்டன் சிறுநீரகத்துக்கு ஆபத்தாகலாம். உடம்பில் நீர் வற்றும்போது சிறுநீரகம் தன் வடிகட்டும் அழுத்தத்தைக் காத்துக்கொள்ள ஒரு வழி வைத்திருக்கிறது. இந்த மருந்து அந்த வழியைத்தான் அடைக்கிறது. அந்த நேரத்தில் டைக்ளோஃபெனாக்கும் உள்ளே போனால் ஆபத்து இரட்டிப்பு. அப்படி ஒரு நாள் வந்தால் உடனே டாக்டருக்குப் போன் செய்து, டெல்மிசார்டனை நிறுத்திவைக்கலாமா என்று கேளுங்கள். வழக்கம்போல் சாப்பிட்டு, குடித்து, ஒன்றிரண்டு நாள் ஆன பிறகு மறுபடி தொடங்கச் சொல்வார். தொடங்க மறந்துபோகிறவர்கள் நிறையப் பேர். நாள்காட்டியில் குறித்துவையுங்கள்.

டெல்மிசார்டன் தொடங்கி ஒரு மாதம் ஆகிறது. கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), பொட்டாசியம் ரத்தப் பரிசோதனை செய்தார்களா? இல்லையென்றால் நீங்களே கேட்டு வாங்குங்கள். டாக்டரைப் பார்க்கும்வரை காலையில் அவரைச் சட்டென்று எழ விடாதீர்கள்; கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்து, எதையாவது பிடித்துக்கொண்டு எழட்டும். மயங்கி விழுந்தாலோ, உதடோ நாக்கோ வீங்கினாலோ, பேச்சு குழறினாலோ நேரே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். அப்போதும் அந்த இரண்டு அட்டைகள் கையில் இருக்கட்டும்.