பி.காம். முடித்தவர் அமெரிக்காவில் ஃபிசிக்கல் தெரபிஸ்ட் அசிஸ்டெண்ட் படிக்கலாமா?

கேள்வி: பி.காம். படித்திருக்கிறேன். நியூ ஜெர்சியில் எச்4 விசாவில் (எச்-1பி விசாவில் வேலை பார்ப்பவரின் குடும்பத்துக்கான விசா) இருக்கிறேன். கம்யூனிட்டி காலேஜில் பி.டி.ஏ. (ஃபிசிக்கல் தெரபிஸ்ட் அசிஸ்டெண்ட்) சேரலாமா? எவ்வளவு கஷ்டம்?

தாராளமாகச் சேரலாம். நானும் இங்கே ஒரு கவுண்டி காலேஜில்தான் படித்தேன். இப்போது ஒரு ரீஹாப் சென்டரில் வேலை பார்க்கிறேன். எச்4-ல் படிக்கத் தடையில்லை, ஆனால் வேலைக்குப் போக ஈ.ஏ.டி. என்ற வேலை அனுமதி அட்டை வேண்டும். அது கிடைப்பது, கணவருக்காக அவர் கம்பெனி போடும் கிரீன் கார்டு மனுவான ஐ-140-ஐப் பொறுத்தது. அது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு பணம் கட்டுங்கள். ஃபெடரல் கல்வி உதவி எச்4-க்குக் கிடையாது.

காலேஜுக்கு 'கேப்டி' (இந்தப் படிப்புகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் அமைப்பு) அங்கீகாரம் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். இரண்டு வருடப் படிப்பு என்பார்கள். அதற்கு முன்பே அனாட்டமி-ஃபிசியாலஜி, இங்கிலீஷ், கணக்கு, சைக்காலஜி எல்லாம் முடிக்கச் சொல்லும் காலேஜ்கள் உண்டு. அதனால் மூன்று வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடங்கள் குறைவு. அனாட்டமி கிரேடுதான் உங்களை உள்ளே கொண்டுபோகும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பி.டி., அதாவது ஃபிசிக்கல் தெரபிஸ்ட், ஆவதற்குக் குறுக்கு வழி என்று நினைத்து இதில் சேராதீர்கள். நோயாளியைப் பரிசோதித்து, சிகிச்சைத் திட்டம் போடுவது பி.டி.யின் வேலை. அதற்கு இங்கே டாக்டரேட் வேண்டும், பி.டி.ஏ. படிப்பில் நாம் எடுத்த கிரெடிட்டுகள் அங்கே பெரிதாக உதவாது. அந்தத் திட்டத்தை நோயாளியோடு நின்று நடத்திக்கொடுப்பதுதான் நம் வேலை. 1967-ல் மயாமியிலும் மினியாபொலிஸிலும் இந்தப் படிப்பைத் தொடங்கியதே தெரபிஸ்டுகள் போதவில்லை என்பதால்தான். மனிதர்களோடு மணிக்கணக்கில் இருக்கப் பிடித்தவர்களுக்கு இது அருமையான வேலை.

கஷ்டம் எங்கே என்றால், லேப் பிராக்டிகல் தேர்வில். ஒரு சீட்டைக் கையில் கொடுப்பார்கள்: இடது முழங்கால் மாற்று அறுவை, மூன்றாம் நாள், படியேறக் கற்றுக்கொடு. கூடப் படிக்கிறவர்தான் நோயாளி. கை கழுவி, பெயரும் பிறந்த தேதியும் கேட்டு, வீல்சேரின் இரண்டு பிரேக்கையும் போட்டு, இடுப்பில் கெயிட் பெல்ட் (நோயாளி விழாமல் நாம் பிடித்துக்கொள்ளும் பட்டை) கட்டி, அதன்பிறகுதான் எழுப்ப வேண்டும். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முதலில். ஏறும்போது நாம் பின்னால், ஆபரேஷன் ஆன பக்கமாகச் சற்று ஒதுங்கி நிற்க வேண்டும், பெல்ட்டில் பிடித்த கையை விடக்கூடாது. மற்றதெல்லாம் அழகாகச் செய்து பிரேக்கை மறந்தால் அங்கேயே ஃபெயில். அது நியாயம்தான். விழுந்தால் உடைவது ஒரு பாட்டியின் இடுப்பெலும்பு.

மூட்டு மடங்கும் கோணத்தை அளக்க கோனியோமீட்டர் என்று ஒரு கருவி. முழங்காலுக்கு அதன் நடுப்புள்ளியைத் தொடையெலும்பின் வெளிப்பக்க மேட்டில் வைக்க வேண்டும், கருவியின் ஒரு கை இடுப்பு மேட்டை நோக்கியும் மற்றது வெளிக் கணுக்காலை நோக்கியும் நீள வேண்டும். படம் பார்த்து இது வராது, எலும்பை விரலால் தேடித்தேடித்தான் வரும். அதற்காக லேபில் ஷார்ட்ஸ், கையில்லாத பனியன் போட வேண்டும், ஆண்களும் பெண்களும் ஒருவரையொருவர் தொட்டுப் பழக வேண்டும். நம் பெண்கள் பலர் இதை வெளியே கேட்பதில்லை, அதனால் சொல்கிறேன். தேவையான இடத்தை மட்டும் திறந்து, மீதியைத் துணியால் மூடி வைப்பதையும் பாடமாகவே சொல்லித் தருகிறார்கள். கூச்சம் சீக்கிரமே போய்விடும்.

கடைசியில் முழுநேர கிளினிக்கல், அதாவது நிஜ நோயாளிகளோடு பயிற்சி, சம்பளம் கிடையாது. என் கிளினிக்கலில், முழங்கால் மாற்றிய ஒரு அம்மாவுக்குக் கெண்டைக்கால் வீங்கி, தொட்டால் சூடாக இருந்தது. பயிற்சியை உடனே நிறுத்தி நர்ஸிடமும் பி.டி.யிடமும் சொன்னேன். ஸ்கேனில் ரத்தக்கட்டி. அது நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. திட்டத்தை மாற்ற நமக்கு அதிகாரமில்லை, ஆனால் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவது நம் கடமை.

பிறகு லைசென்ஸ் தேர்வு: வருடத்துக்கு நான்கு முறை நடக்கும், 200 முதல் 800 வரையான அளவில் 600 எடுத்தால் பாஸ். சம்பளம், நாடு முழுவதும் பார்த்தால், வருடத்துக்கு 65,000 டாலரை ஒட்டி வரும். 2022 முதல் மெடிகேர் பார்ட் பி (முதியோருக்கான அரசுக் காப்பீட்டின் ஒரு பகுதி) நம் கை பட்ட சிகிச்சைக்கு, வழக்கமாகக் கொடுக்கும் தொகையில் 85 சதவீதம்தான் கொடுக்கிறது. இது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

அடுத்த செமஸ்டரில் அனாட்டமி முதல் பாகத்தை மட்டும் எடுங்கள். பக்கத்து கிளினிக் ஒன்றில் அனுமதி கேட்டு சில நாள் உட்கார்ந்து பாருங்கள். உள்ளூர்வாசிகளுக்கான குறைந்த கட்டணம் உங்கள் விசாவுக்குப் பொருந்துமா என்று அட்மிஷன் ஆபீஸில் இப்போதே கேட்டுவிடுங்கள்.