ஆறாம் வகுப்புக்குப் போகும் தம்பிக்கு விடுமுறையில் எதைச் சொல்லித் தருவது?

கேள்வி: நான் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எழுதி முடித்திருக்கிறேன். என் தம்பி ஜூன் மாதம் ஆறாம் வகுப்புக்குப் போகிறான். தமிழை இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறான். கழித்தல் கணக்குகளைத் தவறாகவே போடுகிறான். அம்மாவும் அப்பாவும் வேலைக்குச் செல்வதால், அவனைத் தேற்றும் பொறுப்பு என்னிடம் வந்துள்ளது. ஆறாம் வகுப்புப் பாடங்களை இப்போதே நடத்தத் தொடங்கினேன். நோட்டை எடுத்தாலே ஓடிவிடுகிறான். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்: ஆறாம் வகுப்புப் புத்தகத்தை முதலில் ஒதுக்கி வைத்துவிடுங்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைக்கு அடுத்த வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே நடத்தினால், அவன் மனப்பாடம் செய்யத்தான் பழகுவான். பக்கத்து வீட்டுப் பிள்ளை முன்கூட்டியே படிக்கிறது என்று யாராவது சொன்னால், கேட்டுக்கொண்டு விட்டுவிடுங்கள்.

தம்பி எந்த இடத்தில் தடுமாறுகிறான் என்று கண்டறிவதே முதல் வேலை. மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லி, இடையில் திருத்தாமல், அவன் பிழைவிடும் சொற்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். 'கோடு' என்பதைக் 'கொடு' என்று வாசித்தால், ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் உள்ள வேறுபாடு அவனுக்குப் பிடிபடவில்லை என்று பொருள். அப்படியானால் 247 எழுத்துகளையும் முதலிலிருந்து எழுதவைக்கத் தேவையில்லை, கொடி - கோடி, எடு - ஏடு போன்ற இணைகளைச் சில நாள்கள் சொல்லிப் பழகினால் போதும். பழைய புத்தகம் கைவசம் இல்லையென்றால், தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகத்தின் இணையதளத்தில் கட்டணமின்றித் தரவிறக்கிக்கொள்ளலாம்.

அதன்பின் தினமும் காலையில் இருபது நிமிடம், ஒரே பத்தியை நீங்கள் ஒருமுறை வாசிக்க அவன் விரல் வைத்துத் தொடரட்டும். அடுத்து இருவரும் சேர்ந்து வாசியுங்கள். பிறகு அவன் தனியாக வாசிக்கட்டும். மறுநாள் புதிய பத்திக்குப் போகுமுன் பழையதை ஒருமுறை வாசித்தால், தன் வேகம் கூடியிருப்பதை அவனே உணர்வான். வாரம் ஒருமுறை கிளை நூலகத்துக்கு அழைத்துச் சென்று, அவனுக்குப் பிடித்த நூலை அவனே எடுக்கவிடுங்கள். படக்கதையாக இருந்தாலும் தடுக்காதீர்கள்.

கழித்தலில், தவறான விடைதான் உங்களுக்கு வழிகாட்டும். 52-லிருந்து 27-ஐக் கழித்து 35 என்று எழுதினால், அவன் கவனக்குறைவாகப் போடவில்லை. ஒவ்வோர் இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழிக்கிறான். அப்படிப்பட்டவன் 503-லிருந்து 178-ஐக் கழித்து 475 என்றே எழுதுவான். கடன் வாங்கிக் கழிக்கும் முறையை மீண்டும் மீண்டும் விளக்குவதைவிட, ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் கொடுத்து, அதிலிருந்து 27 குச்சிகளைத் தரச் சொல்லுங்கள். இரண்டு உதிரியை வைத்துக்கொண்டு ஏழைத் தர முடியாதென்பதால் ஒரு கட்டை அவனே அவிழ்ப்பான். பத்து இடத்தில் ஒன்று குறைவதும் ஒன்று இடத்தில் பத்து கூடுவதும் அப்போது கண்ணுக்குத் தெரியும். நடுவில் சுழியம் வரும் கணக்குகளைச் சில நாள் கழித்து எடுத்துக்கொள்ளலாம். வாய்ப்பாட்டை இதோடு சேர்த்துத் திணிக்க வேண்டாம்.

அவன் ஓடுவதற்குக் காரணம், பெரும்பாலும், நாள் முழுவதும் நீங்கள் ஆசிரியையாகவே இருப்பதுதான். குறித்த நேரம் முடிந்ததும் நோட்டை மூடிவிடுங்கள். அதன்பின் சாப்பாட்டு வேளையிலோ விருந்தினர் முன்னிலையிலோ அவனிடம் கணக்குக் கேட்காதீர்கள். விடையைத் திருத்தும்போது, "உன் வயதில் நான்..." என்று தொடங்கும் பேச்சையும் தவிர்த்துவிடுங்கள்.

ஒரு மாதம் இப்படிப் பழகியும் எழுத்துகள் அவன் நினைவில் நிற்கவில்லை என்றால், முதலில் கண் பரிசோதனை செய்துவிடுங்கள். கற்றல் குறைபாடு இருக்குமோ என்ற ஐயத்துக்கு வீட்டிலேயே முடிவு கட்ட வேண்டாம். பள்ளி திறந்ததும் நீங்கள் குறித்து வைத்த பிழைப் பட்டியலை வகுப்பாசிரியரிடம் காட்டினால், தேவைப்படும்போது வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரைப் பார்க்க அவர் ஏற்பாடு செய்வார்.