ஓட்டு போட்டவர்கள் மட்டும்தான் மக்களா?

கேள்வி: மக்கள் ஓட்டு போட்டுத்தான் ஒருவர் அதிபராகிறார். தன்னை எதிர்க்கிறவர்களை அவர் ‘மக்களின் எதிரி’ என்று சொன்னால், ஜனநாயகமே போச்சு என்று பத்திரிகைகள் ஏன் குதிக்கின்றன?
- ஒரு வாசகர், தக்கலை

பதில்: ஓட்டு என்று வந்துவிட்டதால் கணக்கையும் பார்த்துவிடுவோம். ‘பொய்ச் செய்தி ஊடகங்கள் எனக்கு எதிரி இல்லை, அமெரிக்க மக்களுக்கு எதிரி’ என்று டிரம்ப் ட்விட்டரில் எழுதியது 2017 பிப்ரவரியில். அதற்கு முந்தைய நவம்பரில் ஹிலாரி கிளிண்டனைவிட அவர் வாங்கிய ஓட்டு சுமார் 29 லட்சம் குறைவு. அந்த நாட்டுத் தேர்தல் முறைப்படி அவர் ஜெயித்தது செல்லும், சரி. எதிர்த்து ஓட்டு போட்ட கோடிக்கணக்கானவர்கள் மக்கள் இல்லையா?

வெனிசுலாவில் அதிபர் சாவேஸ் 2007-இல், தன்னை எதிர்த்த ஆர்.சி.டி.வி. என்ற தனியார் சேனலின் ஒளிபரப்பு உரிமத்தைப் புதுப்பிக்கவில்லை. 1953 முதல் ஓடிய சேனல் அது. (2002 ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியின்போது அந்தச் சேனல் நடந்துகொண்டதும் யோக்கியமில்லைதான். வழக்கு போட்டிருக்கலாமே!)

தக்கலையிலிருந்து இந்தக் கேள்வி வருவதுதான் வேடிக்கை. அன்று உங்கள் ஊர் இருந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் பெரும்பான்மை மலையாளம் பேசுவோர். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்கச் சொன்னவர்கள் அந்த மாநிலத்தில் சிறுபான்மை. உங்கள் கணக்குப்படி அந்தப் போராட்டத்தின் தலைவர் நேசமணியும் அவர் பின்னால் போன உங்கள் ஊர்க்காரர்களும் மக்களின் எதிரிகள்! 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டபோது ஆண்டது பட்டம் தாணுப்பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் அரசு. அவரை ராஜினாமா செய்யச் சொன்னவர் யார் தெரியுமா? அதே கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா. அடுத்த வருடமே லோகியா கட்சிக்கு வெளியே. தாலுகாக்கள் என்னவோ 1956 நவம்பர் 1-இல் இந்தப் பக்கம் வந்துவிட்டன.

டிரம்ப் கட்சியிலும் லிஸ் செனி என்று ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் இருந்தார். டிரம்ப் 2020 தேர்தலில் தோற்றதைத் தோற்றதாகச் சொன்னார். 2021-இல் கட்சிப் பொறுப்பு போனது. 2022-இல் உட்கட்சித் தேர்தலில் தோற்று, மறுபடி போட்டியிடும் வாய்ப்பும் போனது. அவரைத் தோற்கடித்ததும் ஓட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் கட்சி மேலிடம் கண்டித்து ஒதுக்கிய பிறகு விழுந்த ஓட்டு அது. அடுத்து எழுந்து பேச நினைத்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அதற்குத்தான் குதிக்கிறோம்.