பாதசாரியின் பக்கம்

அன்புள்ள அம்மாவுக்கு,

குன்னூரில் வசிக்கிறேன். கோவையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்துக்காக வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். கல்லூரிக் காலத்திலிருந்து உங்கள் கதைகளை வாசித்துவருகிறேன். எளிய மனிதர்களைப் பற்றி நானும் சில கதைகள் எழுதி, எங்கும் அனுப்பாமல் வைத்திருக்கிறேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது: சில வருடங்களாக இரவில் வாசிப்பதை விட்டுவிட்டு ஜி.டி.ஏ. 5 (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) என்ற வீடியோ விளையாட்டை விளையாடிக்கொண்டிருக்கிறேன். கார் திருடுவது, போலீஸிடமிருந்து தப்புவது, காரணமே இல்லாமல் நடைபாதையில் ஏறி ஆட்களை இடிப்பது என்று இரவு இரண்டு மணி ஆகிவிடுகிறது. மனைவி திட்டும்போது, அவர்கள் வெறும் பிம்பங்கள்தானே என்று சமாளிப்பேன். சென்ற மாதம் மேட்டுப்பாளையத்திலிருந்து காரில் ஏறி வரும்போது, பர்லியாறுக்கு மேலே ஒரு லாரி வழிவிடாமல் முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. அதை ஓரமாகத் தள்ளிவிட்டுப் போய்விடலாம் என்று ஒரு கணம் என் கை நினைத்தது. பயந்துவிட்டேன். இந்த விளையாட்டு என்னை வன்முறையாளனாக்குகிறதா? இலக்கிய வாசகன் இதை விளையாடலாமா? வீடியோ விளையாட்டும் ஒரு கலைதானா?

க.,
குன்னூர்

அன்புள்ள க.,

கலையா இல்லையா என்ற விவாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. சினிமா வந்தபோதும் அப்படித்தான் கேட்டார்கள். அவர்கள் கேட்டு முடிப்பதற்குள் நல்ல படங்கள் வந்துவிட்டன. இலக்கிய வாசகன் விளையாடலாமா என்பதற்கு நான் அனுமதிச் சீட்டு தர முடியாது. வாசகன் என்பது ஒரு சாதி அல்ல, அதற்கு ஆசாரம் வகுக்க. வன்முறையாளனாகிவிடுவேனா என்ற கேள்வியை ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகக் கட்டிப்பிடித்து உருண்டுகொண்டிருக்கிறார்கள். அவர்களிடமே அது இருக்கட்டும்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிக்காக. ‘அவர்கள் வெறும் பிம்பங்கள்தானே.’ இந்த வரியைத்தான் இந்த சீசன் முழுவதும் நான் என் போக்கில் யோசித்துக்கொண்டிருந்தேன்.

உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம், நானும் அதே விளையாட்டைத்தான் விளையாடுகிறேன். என் அக்கா மகன் படிப்புக்காகக் கீழே போனபோது தன் பிளேஸ்டேஷன் விளையாட்டுக் கருவியை எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனான். மழை இறங்கி வெளியே போக முடியாத மாலைகளில் அதை இயக்கக் கற்றுக்கொண்டேன். நான் சிவப்பு விளக்கில் காரை நிறுத்துவதைப் பார்த்து அவன் சிரிப்பான். அந்த நகரத்தில் மற்ற வண்டிகள் எல்லாம் விளக்குக்கு நிற்கின்றன. ஆட்டக்காரர்கள் மட்டும்தான் நிற்பதில்லை. லாஸ் ஏஞ்சல்ஸை மாதிரியாகக் கொண்டு எழுப்பப்பட்ட லாஸ் சாண்டோஸ் நகரமும், அதற்கு வடக்கே சிலியாட் மலையும், கடல்மேல் விழும் சாயங்கால வெளிச்சமும் பெரும் உழைப்பில் செய்யப்பட்டவை. செய்தவர்கள் ஒரு நகரத்தைக் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் நான் மலையில் பிறந்தவள், வாழ்நாள் முழுவதும் சாலையோரம் நடந்தே போனவள். திரையிலும் என் கண் காரை விட்டுவிட்டு நடப்பவர்களின் பின்னால்தான் போனது. ஒரு மாலை, காய்கறிப் பை போன்ற எதையோ ஏந்திச் சென்ற ஒரு பெண்ணின் பின்னாலேயே நடந்தேன். அவள் வீட்டைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அவள் நடந்தாள், நின்றாள், திரும்பினாள், மறுபடி நடந்தாள்; எந்த வாசலிலும் நுழையவில்லை. ஒரு சத்தம் கேட்டு நான் திரும்பிப் பார்த்துவிட்டு மீண்டும் பார்த்தபோது அவள் இல்லை. எங்கும் போய்விடவில்லை, அழிக்கப்பட்டுவிட்டாள். இந்த விளையாட்டு ஆட்டக்காரரைச் சுற்றிலும் மட்டும் மனிதர்களை உண்டாக்கி, அவர் விலகியதும் அவர்களை நீக்கிவிடுகிறது. அந்தப் பெருநகரத்தில் ஒரு குழந்தைகூட இல்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? இடிக்கப்படுவதற்காகவே தெருவில் விடப்பட்டவர்களுக்கு நடுவே குழந்தைகளை இறக்கிவிட அதை உருவாக்கியவர்களுக்கே மனம் வரவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். ‘வெறும் பிம்பங்கள்’ என்று நீங்கள் அவ்வளவு எளிதாகச் சொல்கிறீர்கள். உருவாக்கியவர்களுக்கு அது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை.

இதற்குக் கணினிக்காரர்கள் சொல்லும் காரணம் நினைவகம். 2013இல் இந்த விளையாட்டு முதலில் வந்தபோது அது ஓடிய பிளேஸ்டேஷன் 3இல் மொத்தமே 512 எம்.பி. நினைவகம்தான் இருந்தது. அதற்குள் ஒரு நகரத்தையே அடக்கியது சாதனை. எல்லோரையும் நினைவில் வைத்திருக்க இடமில்லை என்பது நியாயம். ஆனால் 2022இல் இதே விளையாட்டு பிளேஸ்டேஷன் 5க்கு வந்தது, அதில் 16 ஜி.பி. இருக்கிறது. வெளிச்சம் கூர்மையானது, நிழல் அழகானது, தெருவில் கூட்டம் கூடியது. அந்தப் பெண் மட்டும் இன்னமும் வீடு போய்ச் சேரவில்லை. இடம் முப்பது மடங்குக்கு மேல் பெருகியும் நகரம் மறதியோடுதான் இருக்கிறது என்றால், மறதிதான் விற்பனைச் சரக்கு என்று பொருள்.

அந்த நட்சத்திரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். குற்றம் செய்தால் திரையின் மூலையில் நட்சத்திரங்கள் ஏறுகின்றன, ஐந்து வரை. ஏதாவது சந்துக்குள் புகுந்து போலீஸின் கண்ணில் படாமல் நின்றால் அவை மினுக்கி மினுக்கி அணைந்துவிடுகின்றன. ஒரு பட்டறைக்குள் காரை விட்டு வேறு வண்ணம் பூசினாலும் அணைந்துவிடும். செத்தே போனாலும் கவலையில்லை, கொஞ்சம் பணம் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் உயிரோடு விட்டுவிடுவார்கள். பத்து நிமிடம் முன்பு எந்தத் தெருவில் ஆட்களை அடித்துப் போட்டீர்களோ அதே தெருவில் நடந்தால், உங்களை அடையாளம் கண்டு முகம் சுளிக்க ஒருவரும் இல்லை.

இது தொடக்கத்திலிருந்தே அந்த விளையாட்டுக் குடும்பத்தின் ரத்தத்தில் இருக்கிறது. 1997இல் வெளிவந்த இந்த வரிசையின் முதல் விளையாட்டை ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் உருவாக்கிக்கொண்டிருந்தபோது, நிரலில் ஏற்பட்ட ஒரு பிழையால் போலீஸ் கார்கள் வெறிபிடித்தவை போல ஆட்டக்காரர்மீது மோத வந்தனவாம். சோதித்துப் பார்த்தவர்களுக்கு அதுவே மிகவும் பிடித்துப்போய், பிழையை ஒட்டியே விளையாட்டு அமைந்தது என்பது அத்துறையில் எல்லோரும் சொல்லும் வரலாறு. துரத்தல் மட்டும் வேண்டும், விசாரணை வேண்டாம். ஓட்டம் வேண்டும், ஊர் வேண்டாம்.

வேறு விதமாகச் செய்ய முடியாது என்று சொல்லிவிடாதீர்கள். 1999இல் ஜப்பானில் வந்த ஷென்மூ என்ற விளையாட்டில் தெருவில் பார்க்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு நாள்முறை உண்டு. கடைக்காரர் நேரத்துக்குக் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு நடப்பார். 2002இல் செக் நாட்டில் உருவான மாஃபியா என்ற விளையாட்டு, 1930களின் அமெரிக்க நகரம் ஒன்றில் நடப்பது. அதில் வேகத்தை மீறினாலும் சிவப்பு விளக்கைத் தாண்டினாலும் போலீஸ் நிறுத்தி அபராதம் போடும், பழைய கார்கள் மேட்டில் ஏறத் திணறும். அந்தத் திணறலைப் பார்த்து எனக்கு எங்கள் ஊர்ப் பழைய பஸ்களே கண்முன் வந்தன. ஜி.டி.ஏ.வை உருவாக்கிய அதே நிறுவனமே 2018இல் வெளியிட்ட ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2இல் குற்றத்தைப் பார்த்த சாட்சி ஓடிப்போய்ச் சொல்வார், உங்கள் தலைக்கு வைத்த விலை அந்த மாகாணத்தில் அப்படியே நிற்கும், தபால் நிலையத்தில் பணம் கட்டித் தீர்க்கலாம். பணம் கட்டினால் தீர்ந்துவிடுகிறது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு என்றாலும், சாட்சி என்று ஒருவரை அங்கே நினைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். பெரியம்மா தேயிலைக் கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு இலை நிறுக்கும் இடத்துக்கு நடந்துகொண்டிருந்தபோது, அரவேணுவுக்குக் கீழே ஒரு வளைவில், சுற்றுலா வந்த ஒரு வேன் அவரைத் தட்டிவிட்டு நிற்காமல் இறங்கிப் போனது. உயிருக்கு ஆபத்தில்லை, இடுப்பெலும்பு போய்விட்டது. சரிவில் நிற்க இடுப்பு வேண்டும், அதனால் அவர் பிறகு கொழுந்து பறிக்கவே இல்லை. கொழுந்து கிள்ளும் வேகத்தில் எங்கள் பக்கத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். அதன்பின் வீட்டில் உட்கார்ந்து மற்றவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார், என்னையும் சேர்த்து. வேன் கிடைக்கவில்லை. வெள்ளை நிறம், பின்கண்ணாடியில் ஒரு சாமி படம், அவ்வளவுதான் தெரியும். ஆனால் அந்த வளைவில் இருந்த டீக்கடையில் பல சீசன்களுக்கு வெள்ளை வேன் ஏறி வந்தால் பேச்சு நிற்கும், யாராவது ஒருவர் எழுந்து பின்கண்ணாடியைப் பார்ப்பார். கடைக்காரர் மாறி அவர் மகன் வந்த பிறகும் அவன் பார்த்தான், அது நடந்தபோது அவன் பிறக்கவே இல்லை. வேனை ஓட்டியவருக்கு மேட்டுப்பாளையம் தாண்டும்போதே நட்சத்திரம் அணைந்திருக்கும். எங்கள் பக்கம் அணையவில்லை.

ஆகவேதான் சொல்கிறேன், உங்கள் விளையாட்டை விளையாட பிளேஸ்டேஷன் தேவையில்லை. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகளுக்கு உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் முதல் இ-பாஸ் வந்திருக்கிறது, நல்லதுதான், வண்டிகளின் எண்ணிக்கையாவது தெரியும். ஆனால் அந்த வண்டிகளில் வருபவர்களில் பலர் தாங்கள் வந்ததும் ஊர் தோன்றி, தாங்கள் இறங்கியதும் ஊர் அழிந்துவிடும் என்ற நினைப்பில்தான் வருகிறார்கள். சோலைக்குள் பாட்டிலை எறிகிறார்கள். அடுத்த முறை வரும்போது புல் மறுபடி பச்சையாக இருக்கும் என்று நம்புகிறார்கள். மலைச்சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லிப் பலகை வைத்தால், அது தங்கள் திறமைக்கு விடப்பட்ட சவால் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் வாழ்க்கையில் ஒரு வீடியோ விளையாட்டையும் தொட்டிருக்க மாட்டார்கள். என் பெரியம்மாவை இடித்த காலத்தில் அப்படி ஒன்று இங்கே யாருக்கும் தெரியவே தெரியாது. விளையாட்டுக்காரர்கள் ஏற்கெனவே இருந்த ஓர் ஆசையைக் கண்டுபிடித்து, அதற்கு ஒரு நகரம் கட்டிக் கொடுத்தார்கள்.

நீங்கள் குன்னூர்க்காரர், உங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு வழி, இறங்குகிற வண்டி ஒதுங்க வேண்டும் என்று ஓட்டக் கற்றுக்கொண்ட நாளிலேயே சொல்லித் தந்திருப்பார்கள். உங்களுக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்த அந்த லாரிக்கும் அந்தப் பாதையில் உங்கள் அளவுக்கு உரிமை உண்டு. அதன் ஓட்டுநர் பாரத்தோடு, எஞ்சின் சூட்டைப் பார்த்தபடி, கிளீனர் பையன் வளைவில் கல்லோடு குதிக்கத் தயாராக நிற்க, முதல் கியரில் ஏறிக்கொண்டிருந்திருப்பார். அவர் வழிவிடவில்லை என்கிறீர்கள். எங்கே விடுவார், பள்ளத்திலா? எளிய மனிதர்களைப் பற்றிக் கதை எழுதுகிறவர் அவரைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை எழுதவில்லை. உங்கள் கையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், உங்கள் பயத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், உங்கள் இலக்கிய ரசனைக்கு என்ன ஆகுமோ என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். நடைபாதையில் நீங்கள் ஆட்களை இடிப்பதைவிட இது எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது.

கோபத்தோடு அன்பும் இருப்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். உங்கள் கை நினைத்ததை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். பலருக்கு அந்த நேர்மை வாய்ப்பதில்லை; வளைவில் அப்படி நினைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கிவிடுவார்கள். பயப்படத் தெரிந்தவரிடம் பேசலாம்.

விளையாடுவதை நிறுத்த வேண்டாம். வேலை நாளில் இரவு இரண்டு மணி வரை விழித்திருப்பது வேறு விஷயம், அதில் உங்கள் மனைவி சொல்வதைக் கேளுங்கள், அவர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. எழுதி எங்கும் அனுப்பாமல் வைத்திருக்கும் கதைகளை எனக்கு இப்போது அனுப்பவும் வேண்டாம். முதலில் பர்லியாறில் நடந்ததை எழுதுங்கள், பத்துப் பக்கம் போதும், லாரி ஓட்டுநரின் இருக்கையிலிருந்து. பின்னால் ஒட்டிக்கொண்டு ஹாரன் அடிக்கும் கார் கண்ணாடியில் எப்படித் தெரிந்தது, ஏற்றிய சரக்கு என்ன, எந்த ஊரில் எத்தனை மணிக்குக் கிளம்பினார், குன்னூரில் இறக்கிவிட்டு எங்கே சாப்பிட்டார் என்று எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு எழுதுங்கள். தெரியாததை மேட்டுப்பாளையம் லாரிப் பேட்டையில் போய்க் கேளுங்கள். டீ வாங்கிக் கொடுத்தால் சொல்வார்கள். எழுதி முடித்ததும் அனுப்புங்கள், படித்துவிட்டுத் திட்டுகிறேன்.